காலனியக் கால வீட்டு அருங்காட்சியகத்தைப் பார்ப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், டேனியர் ஆகியோரின் ஆட்சிக் காலத்தில் கட்டப்பட்டு, இன்று அருங்காட்சியகமாகவோ நினைவு இல்லமாகவோ காக்கப்படும் வீடுகள் நம் நாட்டில் பல உள்ளன. அவற்றுக்குள் நுழைபவர்களில் பெரும்பாலோர் கூடத்தில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்து, கயிற்றுக்கு இப்பால் நின்று கட்டிலையும் மேசையையும் எட்டிப் பார்த்து, கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கோயிலுக்குள் எந்தப் பக்கமாக வலம் வருவது என்பது நமக்குச் சிறு வயதிலேயே தெரிந்துவிடுகிறது. பழைய வீடு ஒன்றுக்குள் எங்கே தொடங்குவது என்பதை எவரும் சொல்லித் தருவதில்லை.

வீடு தானாகச் சொல்லும் செய்தி ஒன்று; வீட்டைப் பற்றிப் பலகையும் வழிகாட்டியும் சொல்லும் செய்தி இன்னொன்று. இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போகும், சில இடங்களில் ஒத்துப்போகாது. இவ்விரண்டையும் தனித்தனியே கேட்டுப் பழகுவதற்கான முறையே கீழே படிப்படியாகத் தரப்பட்டுள்ளது.

படி 1: எத்தகைய வீடு என்பதை முதலில் அறியுங்கள்

எல்லா வீட்டு அருங்காட்சியகங்களும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. முதல் வகை, ஒருவர் வாழ்ந்த வீடு அதே இடத்தில், ஏறத்தாழ அதே அமைப்பில் நிற்பது. கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணிதமேதை இராமானுஜன் வாழ்ந்த சிறிய வீடு அத்தகையது. திண்ணையும், தெருவைப் பார்த்த ஜன்னலும், அதனருகே கட்டிலும் கொண்ட அந்த வீட்டை சாஸ்த்ரா பல்கலைக்கழகம் பராமரித்து வருகிறது. இரண்டாம் வகை, வீடு உண்மையானதாக இருந்தும் உள்ளே பெரும்பாலும் ஒளிப்படங்களும் விளக்கப் பலகைகளுமே இருப்பது. நம் ஊர்களில் உள்ள நினைவு இல்லங்களில் பல இந்த வகைதான். அங்கே கட்டிடம் ஒரு காட்சிப்பொருள், சுவரில் இருப்பது ஒரு படக்கண்காட்சி என்று மனத்தில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் வகை, வேறோர் ஊரில் இருந்த வீட்டைப் பிரித்தெடுத்து வந்து புதிய இடத்தில் மீண்டும் எழுப்பியது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு உள்ளிட்ட தென்னிந்திய வீடுகளை இவ்வாறு காணலாம். இவ்வகை வீட்டில் தூணும் கதவும் பழையவையாக இருக்கும். ஆனால் தெரு இருக்காது, அண்டை வீடு இருக்காது, வெயில் விழும் திசைகூட மாறியிருக்கக்கூடும். நான்காம் வகை, உரிமையாளர் குடும்பத்தின் கையிலேயே இருந்து, பார்வையாளருக்குச் சில பகுதிகள் மட்டும் திறந்துவிடப்படும் வீடு. செட்டிநாட்டில் ஆத்தங்குடி, கானாடுகாத்தான் வட்டாரத்தில் இதைப் பார்க்கலாம். ஒரு குடும்பத்தின் திருமணமும் அறுபதாம் ஆண்டு சாந்தியும் இன்றும் நடக்கும் வீட்டுக்குள் நாம் போகிறோம் என்பதால், அங்கே நடந்துகொள்ளும் முறையும் வேறுபடும்.

வகை தெரிந்துவிட்டால் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது தெளிவாகும். படக்கண்காட்சி நடக்கும் இல்லத்தில் அவர் உட்கார்ந்த நாற்காலியைத் தேடி ஏமாற வேண்டியிருக்காது.

படி 2: நாளையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்

விடுமுறை நாள் இடத்துக்கு இடம் மாறும். எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வேறு பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை. குடியரசு நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய மூன்றிலும் மூடப்படும் இடங்கள் உண்டு. நினைவு இல்லங்களில் மதிய உணவு வேளையில் கதவைச் சாத்துவதும் வழக்கம். முதல் நாளே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

நேரத்தைப் பொறுத்தவரை, காலையில் திறந்தவுடன் செல்வதே என் பரிந்துரை. காரணம் கூட்டமின்மை மட்டுமன்று. பழைய வீடுகள் மின்விளக்கை நம்பிக் கட்டப்பட்டவை அல்ல. முற்றத்து வெளிச்சம் எந்த அறைவரை எட்டுகிறது, தாழ்வாரம் எப்போது வெயிலைத் தடுக்கிறது என்பவற்றைக் காலையில்தான் நன்கு காணலாம். இயன்றால் விளக்கை ஏற்றுவதற்கு முன்பே உள்ளே நுழைந்துவிடுங்கள்.

படி 3: போகுமுன் சிறிது வாசியுங்கள்

வீட்டுக்குரியவரின் முழு வாழ்க்கை வரலாற்றையும் படிக்க வேண்டியதில்லை. அவர் அந்த வீட்டில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை இருந்தார், அந்த ஆண்டுகளில் என்ன நடந்தது, அவருடன் வேறு யார் வாழ்ந்தார்கள் ஆகிய மூன்றும் போதும். பாரதியாரின் பெயரில் எட்டயபுரத்திலும் புதுச்சேரியிலும் திருவல்லிக்கேணியிலும் இல்லங்கள் உள்ளன. முதலாவது 1882-இல் அவர் பிறந்த வீடு. இரண்டாவது 1908 முதல் 1918 வரை நீண்ட பத்தாண்டு அடைக்கலக் காலத்தைச் சேர்ந்தது. மூன்றாவது 1921 செப்டம்பரில் முடிந்த இறுதிக் காலத்துக்குரியது. இவ்வளவு தெரியாமல் மூன்றையும் பார்த்தால் மூன்றும் ஒன்று போலவே தோன்றும்.

வீட்டுக்காரரே எழுதி வைத்த குறிப்பு கிடைக்குமானால் அதைவிடச் சிறந்த துணை வேறில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். 1761-இல் ஆங்கிலேயர் அந்த நகரை இடித்துத் தரைமட்டமாக்கியபோது தப்பிய மிகச் சில கட்டிடங்களுள் அவருடைய மாளிகையும் ஒன்று. அங்கே உள்ளே செல்ல முன்னதாகவே அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது. நாட்குறிப்பின் சில பக்கங்களைப் படித்துவிட்டுச் செல்பவருக்கு, யார் எந்த வாசல்வரை வந்தார்கள், யார் மாடிக்கு அழைக்கப்பட்டார்கள் என்று கேட்கத் தோன்றும். படிக்காமல் செல்பவருக்கு அழகான தூண்கள் தெரியும்.

படி 4: உள்ளே போகாதீர்கள், முதலில் வெளியே நில்லுங்கள்

தெருவின் எதிர்ப்புறம் நின்று பத்து நிமிடம் பாருங்கள். வீடு தெருவை ஒட்டி நிற்கிறதா, தோட்டத்தின் நடுவே ஒதுங்கி நிற்கிறதா? தெருவை ஒட்டித் திண்ணை வைத்துக் கட்டியவர் வழிப்போக்கருக்கும் இடம் கொடுத்துக் கட்டினார். சுற்றுச்சுவரும் வண்டிப்பாதையும் வண்டி வந்து நிற்கும் முகப்பும் வைத்துக் கட்டியவர் வருபவரைத் தொலைவிலேயே நிறுத்திக் கணிக்க விரும்பினார். வீட்டுக்குள் நடந்த அதிகாரப் பேச்சில் பாதி இந்த ஓர் அமைப்பிலேயே வெளிப்பட்டுவிடும்.

புதுச்சேரி இதற்கு நல்ல பாடசாலை. ஒரே நகரத்தில், கடற்கரைப் பக்கத்துப் பிரெஞ்சுத் தெருக்களில் உயர்ந்த மதிலும் பெரிய கதவும் தெருவுக்கு முகம் காட்டும், வீடு உள்ளே மறைந்திருக்கும். தமிழர் பகுதித் தெருக்களில் திண்ணையும் அதன் மேல் சாய்ந்த தாழ்வாரமும் தெருவோடு ஒட்டியிருக்கும். ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையிலோ இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன: கீழ்த்தளத்தில் முற்றமும் செதுக்கிய மரத்தூண்களும், மேல்தளத்தில் சாந்து பூசிய உருண்டைத் தூண்களும். இரு உலகங்களுக்கிடையே பேச்சை மாற்றிச் சொல்வதே தொழிலாகக் கொண்டவரின் வீடு அப்படி அமைந்ததில் வியப்பில்லை.

அடுத்து, கட்டிடம் இப்போதுள்ள பயனுக்காகவே கட்டப்பட்டதா என்று கேளுங்கள். சென்னைக் கடற்கரைச் சாலையிலுள்ள விவேகானந்தர் இல்லத்தின் விசித்திரமான வடிவத்துக்கு விடை இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அமெரிக்க வணிகர் பிரெடரிக் டியூடர், பாஸ்டன் பகுதியிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டிய கிடங்கு அது. ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் அந்த வட்டாரத்தை விட்டு இன்னும் போகவில்லை. செயற்கைப் பனிக்கட்டி வந்து வணிகம் படுத்த பிறகு, வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கித் தம் வீடாக்கிக்கொண்டார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கியது ஒன்பது நாள்கள் அளவே. அதன் பின்னர் சகோதரி சுப்புலட்சுமி நடத்திய இளம் விதவைகளுக்கான விடுதி பல ஆண்டுகள் அங்கே இருந்தது. பனிக்கட்டிக் கிடங்கு, வழக்கறிஞர் வீடு, விதவையர் விடுதி, நினைவு இல்லம் என நான்கு வாழ்க்கைகளைக் கண்ட ஒரு கட்டிடத்தில், அந்த ஒன்பது நாள்களின் பெயரே வாசலில் நிலைத்திருக்கிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும், அதன் நீண்ட ஆயுளில் எந்தக் காலத்தை நிர்வாகத்தினர் நமக்குக் காட்டத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

படி 5: தலையை உயர்த்துங்கள், பிறகு தரையைப் பாருங்கள்

உள்ளே நுழைந்ததும் கண் பொருள்களின் மேல் பாயும். அதைச் சற்றே அடக்கிக் கூரையைப் பாருங்கள், ஏனெனில் பழைய வீட்டில் மிகக் குறைவாக மாற்றப்படும் பகுதி அதுதான்.

சென்னை வட்டாரப் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தளத்தைக் காணலாம். தேக்கு மரக் கட்டைகளை இடைவெளி விட்டு அடுக்கி, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்கோணத்தில் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்து, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து மரக்கட்டைகளால் நாள்கணக்கில் தட்டி இறுக்கி, கடைசியாகத் தட்டோடு பதித்து முடிப்பார்கள். கீழிருந்து பார்த்தால் வரிசையாகக் கட்டைகளும் அவற்றுக்கிடையே சாந்துப் பூச்சும் தெரியும். மரக்கட்டைக்குப் பதிலாக இரும்பு உத்தரம் இருந்தால் அதன் பக்கவாட்டை நன்றாகப் பாருங்கள். உற்பத்தி செய்த ஆலையின் பெயர் உருட்டெழுத்தில் பதிந்திருக்கலாம். டார்மன் லாங் என்ற ஆங்கில எழுத்துகள் தென்பட்டால், அந்த உத்தரம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது என்றும், அந்த நிறுவனம் 1875-இல் தொடங்கியது என்பதால் அந்தப் பகுதி அதற்கு முற்பட்டதன்று என்றும் நீங்களே முடிவு செய்யலாம்.

இப்படிக் காலத்தைக் கணிக்கும் தடயங்கள் இன்னும் சில உண்டு. தட்டையான மங்களூர் ஓட்டுக்கான முதல் ஆலையை பாசல் மிஷன் என்ற கிறித்தவச் சமயப்பணி அமைப்பு 1865-இல் நிறுவியது; அவ்வகை ஓடு வேய்ந்த கூரை அதற்குப் பிந்தியது. சுவரில் ரவிவர்மா அச்சகத்தின் வண்ண அச்சுப்படம் இருந்தால், அந்த அச்சகம் 1894-இல் தொடங்கியது என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஜன்னல் கண்ணாடி வழியே வெளியே பார்க்கும்போது மரங்கள் இலேசாக நெளிந்து தெரிந்தால் அது பழைய கண்ணாடியாக இருக்க வாய்ப்பு உண்டு. அப்பழுக்கில்லாமல் சமமாகத் தெரிந்தால் பிற்காலத்தில் மாற்றியது. இவற்றுள் எதுவும் தனியாக நின்று வீட்டின் வயதைச் சொல்லாது, ஏனெனில் ஓட்டையும் கண்ணாடியையும் எந்தத் தலைமுறையும் மாற்றியிருக்கலாம். மூன்று நான்கு தடயங்கள் ஒரே காலத்தைக் காட்டும்போது மட்டும் நம்புங்கள்.

கூரையில் வரிசையாகக் கொக்கிகளும், சுவரின் மேற்பகுதியில் கயிறு நுழையும் அளவுக்குத் துளையும் இருந்தால் அங்கே பங்கா தொங்கியிருக்கிறது. அறையின் அகலத்துக்குத் தொங்கும் துணி விசிறி அது. அதன் கயிறு சுவரைத் துளைத்து வெளித் தாழ்வாரத்துக்குப் போகும். மறுமுனையை ஓர் ஆள் மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டிருப்பார். உள்ளே இருப்பவருக்குக் காற்று வேண்டும், ஆள் வேண்டாம் என்பதற்காகவே அந்தத் துளை. துளையைக் கண்டால் சுவரின் மறுபுறம் சென்று அவர் உட்கார்ந்த இடத்தையும் பார்த்துவிடுங்கள்.

சுவரைப் பொறுத்தவரை, சங்குச் சுண்ணாம்பை நுண்ணியதாக அரைத்து, முட்டையின் வெண்கருவும் சேர்த்து, பல பூச்சுகளாகப் பூசித் தேய்த்த பழைய சுவர் பளிங்கு போல வழவழப்பாகவும் குளிர்ச்சியாகவும் தோன்றும். அதே சுவரில் சில இடங்கள் சொரசொரப்பாகி, உப்புப் பூத்து, பொருக்கு உதிர்ந்தால் பெரும்பாலும் அது சிமெண்டுப் பூச்சின் விளைவு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. அதன் மேல் சிமெண்டு பூசியதும் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தேங்கி, கரைந்த உப்பு படிகமாகி, பூச்சைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. நல்ல எண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பு வீட்டைக் கெடுக்கும் விதம் இதுதான், இதைப் பல நினைவு இல்லங்களில் கண்கூடாகக் காணலாம்.

தரையில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் குனிந்து பாருங்கள். கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணச் சாந்தைக் கையால் ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து எடுக்கும் சுடாத கல் அது. அதனால் பூவின் இதழ் ஒரு கல்லுக்கு மறுகல் மயிரிழை அளவாவது வேறுபடும். நடமாட்டம் மிகுந்த பாதையில் அது மேலும் மெருகேறியிருக்கும். தரையின் தேய்மானத்தைத் தொடர்ந்து போனால் அந்த வீட்டார் எந்தக் கதவை அதிகம் பயன்படுத்தினார்கள் என்பது தெரிந்துவிடும், பலகை எதைச் சொன்னாலும்.

படி 6: பொருள்களிடம் மூன்று கேள்விகள்

இந்தப் பொருள் இந்த வீட்டிலேயே இருந்ததா? இல்லையென்றால், அந்த மனிதருடையதாக இருந்து வேறிடத்திலிருந்து வந்ததா? அதுவும் இல்லையென்றால், அந்தக் காலத்தைக் காட்டுவதற்காக வாங்கி வைத்ததா? மூன்றும் ஏற்கத்தக்கவையே, ஆனால் மூன்றும் ஒன்றல்ல. நல்ல அருங்காட்சியகம் இதைச் சீட்டில் எழுதி வைத்திருக்கும். எழுதாதபோது கேட்கும் உரிமை பார்வையாளருக்கு உண்டு.

ஒருமுறை ஒரு நினைவு இல்லத்தில் பெரியவர் ஒருவரின் எழுதுமேசை என்று ஒன்றைப் பயபக்தியோடு காட்டினார்கள். கூட இருந்த சிறுவன் கீழே விழுந்த பென்சிலை எடுக்கக் குனிந்தவன், இழுப்பறையின் அடிப்பலகை தன் பள்ளி மேசையைப் போலவே இருக்கிறது என்றான். நானும் குனிந்தேன், புத்தம்புது ஒட்டுப்பலகை. மேசை முழுதும் பொய் என்று அதற்குப் பொருளில்லை, அடிப்பலகையை மட்டும் மாற்றியிருக்கலாம். ஆயினும் அன்று முதல் மேசை நாற்காலிகளை மேலிருந்து பார்ப்பதைவிடக் கீழிருந்து பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை கூடிவிட்டது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தால் காவலருக்கும் கவலை இராது.

பொருளைவிட இடமே பெரிய சான்றாக இருக்கும் வீடுகளும் உண்டு. கொல்கத்தாவில் 1909-இல் கட்டப்பட்ட போஸ் குடும்ப வீடான நேதாஜி பவனில், 1941 ஜனவரியில் சுபாஷ் சந்திர போஸ் வீட்டுக்காவலிலிருந்து தப்பிச் சென்ற வழியைத் தரையிலும் படிகளிலும் பாதச் சுவடுகளாகக் குறித்திருக்கிறார்கள். அவர் ஏறிச் சென்ற வாண்டரர் காரும் அங்கேயே நிற்கிறது. சுவடுகளைத் தொடர்ந்து அவரவர் கால்களால் நடந்து பார்க்கும்போதுதான், காவல் சூழ்ந்த வீட்டில் அந்தத் தொலைவு எவ்வளவு நீளமாக இருந்திருக்கும் என்பது விளங்குகிறது. மும்பையில் காந்தி 1917 முதல் 1934 வரை வந்து தங்கிய மணி பவனின் இரண்டாம் மாடி அறையும் அப்படியே: விரிப்பு, திண்டு, இராட்டைகள் என்று மிகக் குறைந்த பொருள்கள், ஆனால் அறையின் அளவே பேசுகிறது.

படி 7: பின்கட்டைத் தேடிச் செல்லுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால், அது இந்தப் படியாக இருக்கட்டும்.

பெரும்பாலான இல்லங்களில் பார்வையாளர் பாதை முகப்பில் தொடங்கிக் கூடத்தில் முடிந்துவிடும். முகப்பும் கூடமும் வந்தவர்களுக்குக் காட்டுவதற்காகவே கட்டப்பட்டவை. அன்றும் காட்டினார்கள், இன்றும் காட்டுகிறார்கள். வீடு நடந்தது பின்னால். செட்டிநாட்டு வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் நீளத்தில், ஆண்களின் கொடுக்கல் வாங்கல் முன்னாலும் பெண்களின் புழக்கமும் அடுக்களையும் பின்னாலும் இருந்தன. முன்கட்டில் பர்மாத் தேக்கும் பெல்ஜியக் கண்ணாடியும் இத்தாலியப் பளிங்கும். பின்கட்டில் ஆட்டுக்கல்லும் உரலும் புகை படிந்த சுவரும். பர்மாவில் நடந்த வட்டித் தொழில் முன்கட்டில் தெரிகிறது. அந்தத் தொழிலுக்குப் போனவர்கள் இல்லாத ஆண்டுகளில் வீட்டை நடத்தியவர்களின் உழைப்பு பின்கட்டில் தெரிகிறது.

ஆங்கிலேய அதிகாரிகளின் பங்களாக்களில் அமைப்பு வேறு. புகைக்கும் தீக்கும் அஞ்சி அடுக்களையைத் தனிக்கட்டிடமாகத் தள்ளி வைத்தார்கள். ஆகவே சமைத்த உணவை வெயிலிலும் மழையிலும் ஒருவர் சுமந்து வந்தார். வேலைக்காரர் குடியிருப்பு மதிலோரமாக, பெரும்பாலும் சிறிய அறைகளின் வரிசையாக இருக்கும். குளியலறையில் உள்பக்கக் கதவைத் தவிர வெளியே திறக்கும் ஒரு சிறு கதவு இருந்தால், அதன் முன் சற்று நில்லுங்கள். நீரும் மலச்சட்டியும் அந்த வழியாகத்தான் போய் வந்தன. மலத்தைச் சுமந்தவர் வீட்டாரின் கண்ணில் படாமல் வந்து போவதற்காக அமைத்த வாசல் அது. வண்டி நிற்கும் முகப்பைக் கட்டிய அதே கொத்தனார்தான் இதையும் கட்டினார். இக்கதவைச் சுட்டிக்காட்டும் விளக்கப் பலகையை நான் இதுவரை கண்டதில்லை.

நம்மவர் வீடுகளும் இதற்கு விலக்கல்ல. கொல்லைப்புற வாசல் யாருக்காக, கிணற்றில் யார் நீர் இறைத்தார்கள், திண்ணைவரை மட்டுமே வரலாம் என்று யாரை நிறுத்தினார்கள் என்று கேட்டால் சாதியும் பால்பேதமும் செங்கல்லில் எழுதியிருப்பது தெரியும். சில இல்லங்கள் இந்தப் பகுதியையும் மதித்துக் காட்டுகின்றன. கொல்கத்தா ஜோராசாங்கோவில் தாகூர் குடும்ப மாளிகையில் ரவீந்திரநாதரின் மனைவி மிருணாளினி தேவியின் அடுக்களை காட்சியில் இருக்கிறது. 1861-இல் ரவீந்திரநாதர் பிறந்ததும் 1941-இல் மறைந்ததும் அந்த வீட்டில்தான் என்றாலும், அவருக்குச் சோறு வெந்த இடமும் பார்க்கத்தக்கது என்று யாரோ கருதியிருக்கிறார்கள். சபர்மதியில் காந்தி 1918 முதல் 1930 வரை வாழ்ந்த இருதய குஞ்சத்திலும் கஸ்தூர்பாவின் அறை காக்கப்படுகிறது.

பின்கட்டு பூட்டியிருந்தால், திறந்து காட்ட இயலுமா என்று பணிவாகக் கேளுங்கள். பழைய பொருள்கள் போட்டு வைக்கும் கிடங்காக அதை ஆக்கியிருப்பார்கள். அதனால் கூச்சப்பட்டு மறுப்பதும் உண்டு. மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். வெளிப்புறமாகச் சுற்றி வந்து கொல்லைச் சுவரையும் புகைபோக்கியையும் பார்த்தாலும் ஓரளவு விளங்கும்.

படி 8: வழிகாட்டியிடமும் காவலரிடமும் பேசுங்கள்

மனப்பாடமாகச் சொல்லும் வழிகாட்டியை இடைமறிக்காமல் முதலில் முழுதாகக் கேளுங்கள். அதன்பின், “ஐயா, நீங்கள் வேலைக்கு வந்த பிறகு இந்த வீட்டில் என்ன மாறியிருக்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள். மனப்பாடத்தில் விடையில்லாத கேள்வி அது. எந்த மழையில் எந்த மூலை ஒழுகியது, எந்தக் கதவை எந்த ஆண்டு மாற்றினார்கள், குடும்பத்தார் யாரேனும் வந்து என்ன சொல்லிப் போனார்கள் என்று அவர் சொல்லத் தொடங்கினால், எந்தப் பலகையிலும் இல்லாத வரலாறு கிடைக்கும். பெருக்கித் துடைக்கும் அம்மாவுக்கு வழிகாட்டியைவிட அதிகம் தெரிந்திருப்பதும் உண்டு, ஏனெனில் எல்லா அறைகளுக்குள்ளும் நாள்தோறும் போய் வருபவர் அவர் ஒருவரே.

அவர் சொல்வதெல்லாம் உண்மை என்று கொள்ள வேண்டியதில்லை. சுரங்கப்பாதை, புதையல், இரகசிய அறை ஆகிய மூன்றும் ஏறக்குறைய எல்லாப் பழைய வீடுகளுக்கும் உண்டு என்றே சொல்வார்கள். புன்னகையோடு கேட்டுக்கொண்டு அடுத்த அறைக்குச் செல்லலாம்.

படி 9: ஒளிப்படமும் கையும்

அனுமதி கேட்டே படமெடுங்கள். அனுமதித்தாலும் ஃபிளாஷ் வேண்டாம். துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் ஆகியவற்றின் மேல் விழும் ஒளியை 50 லக்ஸ் (ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு) அளவில் நிறுத்தும்படி அருங்காட்சியகத் துறையினர் பரிந்துரைப்பார்கள், ஏனெனில் ஒளியால் வெளுத்த நிறம் திரும்ப வருவதில்லை, பாதிப்பு சிறுகச் சிறுகச் சேர்ந்துகொண்டே போகிறது. அறை இருட்டாக இருப்பதும் திரைச்சீலை மூடியிருப்பதும் அலட்சியமாக இருக்க வேண்டியதில்லை. தொடக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு: விரலின் வியர்வையில் உள்ள உப்பும் எண்ணெயும் பித்தளையைக் கறுக்கச் செய்யும், அரக்குப் பூச்சை மழுங்கடிக்கும்.

நான் எடுக்கும் படங்களில் முக்கால்வாசி மற்றவருக்கு அலுப்பூட்டும்: கீல், தாழ்ப்பாள், படிக்கட்டின் தேய்ந்த விளிம்பு, ஓட்டின் அடிப்பக்கம். முகப்பின் படம் இணையத்தில் ஆயிரம் கிடைக்கும். தாழ்ப்பாளின் படம் கிடைக்காது.

குழந்தைகளை அழைத்துச் சென்றால் எல்லாவற்றையும் விளக்க முயலாதீர்கள். இந்த வீட்டில் மின்சாரம் இல்லாதபோது எதையெதை எப்படிச் செய்திருப்பார்கள் என்று கண்டுபிடிக்கும் வேலையைக் கொடுங்கள். முதியவர்களுக்கு மாடிப்படிகள் செங்குத்தாக இருக்கும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லும் இல்லங்கள் பல. எளிதில் கழற்றக்கூடியதை அணிந்து செல்லுங்கள்.

படி 10: வெளியே வந்த அன்றே

அன்று மாலைக்குள் வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து பாருங்கள். அளவு சரியாக இருக்க வேண்டியதில்லை. எந்த அறைக்கு எத்தனை வாசல், எது எதற்குள் திறக்கிறது என்பது போதும். வரையும்போது ஏதாவது ஓரிடத்தில் வெற்றிடம் விழும். பெரும்பாலும் அது நமக்குக் காட்டாத பகுதியாக இருக்கும், அல்லது நாமே பார்க்கத் தவறிய பகுதியாக இருக்கும். மறுமுறை அங்கிருந்து தொடங்கலாம்.

பார்வையாளர் பதிவேட்டில் “மிக அருமை” என்று எழுதுவதோடு நிறுத்தாமல், குறிப்பாக ஒன்றை எழுதுங்கள்: இந்த அறையில் எந்தப் பொருள் இவ்வீட்டுக்கே உரியது என்று சீட்டில் குறிக்கலாம், அடுக்களையைத் திறந்து வைக்கலாம், வடக்குச் சுவரில் ஈரம் ஏறுகிறது. ஆய்வு அதிகாரிகள் வரும்போது புரட்டிப் பார்க்கும் ஏடு அது.

அந்த வீட்டோடு உங்கள் குடும்பத்துக்குத் தொடர்பு இருந்து, பழைய கடிதமோ கணக்கு நோட்டோ ஒளிப்படமோ உங்களிடம் இருந்தால், மூலத்தை உடனே தூக்கிக் கொடுத்துவிட வேண்டாம். முதலில் நகலைக் கொடுங்கள். படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் யார், எந்த ஊர், ஏறக்குறைய எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள்; பந்துமுனைப் பேனா முன்பக்கத்தில் தடம் பதிக்கும். மூலத்தையே வழங்க முடிவு செய்தால், பொருளின் விவரமும் கொடுத்தவர் பெயரும் நாளும் குறித்த எழுத்துச் சான்றைக் கையொப்பத்தோடு பெற்றுக்கொண்டு, அது சேர்க்கைப் பதிவேட்டில் எந்த எண்ணில் ஏறியது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் இருந்தால்தான் இருபது ஆண்டுகள் கழித்து வரும் ஒருவர் அதைக் கேட்டு எடுத்துப் பார்க்க முடியும்.